குழிக்கு மூன்றடி

மூன்றடிதான் இருக்கும். தாராளமாகச் சொன்னாலும் மூன்றேகாலைத் தாண்டாது. அளவு விஷயத்தில் வெள்ளியங்கிரியின் கண் பொய் சொல்லாது. முப்பத்துநான்கு வருஷம் பொள்ளாச்சிப் பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட கண் அது, நீளம் தாண்டுகிற பையன் மணலில் விழுந்த கணத்திலேயே தூரத்தைச் சொல்லிவிடும், அப்புறம் நாடா பிடித்துப் பார்த்தால் விரற்கடை வித்தியாசம் இருக்காது. அந்தக் கண்தான் இப்போது தடுமாறுகிறது. பந்து இங்கே காலடியில், குழி அதோ, நடுவில் ஒட்ட வெட்டிய புல், ஒரு கல் இல்லை, தடுக்க ஒரு ஆள் இல்லை, ஆனால் முதல் தடவை மட்டையால் தள்ளியபோது பந்து குழியின் இடது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் போய்விட்டது, இரண்டாவது தடவை பாதி வழியிலேயே நின்றுவிட்டது, மூன்றாவது தடவை இதற்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் பார் என்று கொஞ்சம் அழுத்திக் கொடுத்ததில் குழியின் மேலேயே ஏறித் தாண்டி அந்தப் பக்கம் நாலடி ஓடிற்று. நாலாவது. ஐந்தாவது. ஏழு வரைக்கும் எண்ணினார், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். காலை ஏழரை மணி இளவெயிலில் உள்ளங்கை வேர்த்திருந்தது. "மறுக்கா போடுங்க சார், அவசரமில்ல," என்றாள் கற்றுக்கொடுக்கிற பெண். பெயர் தாரணி, வயது இருபத்தாறு, வெள்ளைத் தொப்பி, தொப்பிக்குப் பின்னால் உயர்த்திக் கட்டிய குதிரைவால். அவள் வெள்ளியங்கிரியின் ஒரே மகள்.

சார் என்றால் வெறும் சார்தான், அதில் குத்தல் இல்லை, கேலி இல்லை, கூடவே பாடம் கற்க வந்து பக்கத்தில் நிற்கிற லோகநாதனைக் கூப்பிடுகிற அதே சார். அதற்கே முதல் நாள் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, சிரிக்காமல் என்ன செய்வது, பெற்ற மகள் சார் என்று கூப்பிட்டதற்குப் பூரித்துப்போன தகப்பன் இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவில் வேறு யார் இருப்பார்கள். ஒன்பது வருஷமாக அவள் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சண்டை கிடையாது, முகம் திருப்புவது கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவாள், சாப்பாடு எடுத்து வெச்சாச்சு என்பாள், கரண்டு பில்லு வந்திருக்கு என்பாள், மாத்திரை தீந்துருச்சான்னு கேளும்மா என்று அம்மாவிடம் சொல்வாள், அவர் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு மனிதனைக் கூப்பிடாமலேயே அவனோடு ஒன்பது வருஷம் பேசிக்கொண்டிருக்க முடியும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்தது, முடிகிறது, வாக்கியத்தின் நுனியில் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே நடக்கும். நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று முதல் வருஷம் நினைத்தார். இரண்டாவது வருஷம் கோபம் வந்தது. மூன்றாவது வருஷத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், அவள் பேசும்போதெல்லாம் வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு அப்பா ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று. வரவில்லை. ஓய்வுபெற்று மூன்று வருஷம் வீட்டில் சும்மா கிடந்த பிறகு, அவள் வேலை பார்க்கிற இந்தக் கோல்ஃப் மைதானத்தில் ஆரம்பப் பயிற்சி, வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறி வந்து படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். "அவகிட்டப் பேசோணும்னா வாயத் தொறந்து பேசுங்க, அதுக்கு எதுக்குங்க இத்தன தூரம் போயிக் குச்சி புடிக்கறீங்க?" என்று கேட்டாள் மனைவி சாந்தாமணி. பேச வாய் இருந்தால் பேசமாட்டாரா. பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கத் தெரியும், அதட்டத் தெரியும், ஓடு என்று சொல்லத் தெரியும், வேறென்ன தெரியும் அவருக்கு. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அறுபத்தொரு வயதில் கையில் மட்டையோடு இங்கே நிற்கிறார். அவள் படிவத்தை வாங்கினாள், பெயரைப் படித்தாள், நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார், ஷூ சைஸ் என்னங்க?" என்றாள்.

இன்றைக்கு நாலாவது வகுப்பு. முதல் மூன்று வகுப்பும் மேட்டில் நின்று நீளமட்டையால் ஓங்கி அடிக்கிற பாடம், அதில் பெரிய சங்கடமில்லை, பத்துக்கு எட்டு தடவை காற்றைத்தான் அடித்தார், மண்ணைப் பெயர்த்தார், ஆனால் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், தோள் வலித்தது, வலி பழகின விஷயம். இந்த வழவழப்பான வட்டத்துக்கு அவளாகக் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் காலுக்குக் கீழே ஏதோ நழுவிற்று. "ரெண்டு பேரும் ஷூவக் கழட்டிருங்க, வெறுங்கால்ல ஒரு சுத்து நடங்க, எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு கால் சொல்லும்." பம்பு செட்டுக் கம்பெனி வைத்திருக்கும் லோகநாதன், கையுறை முதல் காலுறைவரை எல்லாம் புதிதாக வாங்கி வந்த மனிதர், "கோயிலுக்கு வந்தாப்புல இருக்குதுங் மாஸ்டரே," என்று சிரித்துக்கொண்டே கழற்றினார். வெள்ளியங்கிரி சிரிக்கவில்லை. பனி இன்னும் காயாத புல் உள்ளங்காலில் பட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. இது புல்லா? இத்தனை வருஷம் புல் மேல் நின்று பிழைத்தவன் நான், நெருஞ்சியும் கோரையும் கலந்த புல், பிள்ளைகள் முட்டி தேய்ந்து மண்ணாகிப்போன புல், ஆனால் இப்படியொன்றைக் கால் அறிந்ததில்லை, ஒரு விரல் உயரம்கூட இல்லை, அத்தனை நெருக்கம், அத்தனை குளிர்ச்சி, மேற்கே மலை இருக்கிற பக்கமாக எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறது. கண்ணுக்குத் தோசைக்கல் மாதிரி தட்டையாகத் தெரிகிற இடம் காலுக்குத் தட்டையாக இல்லை. இங்கே குதிகால் கொஞ்சம் தாழ்கிறது, இரண்டு எட்டு வைத்தால் கட்டைவிரல் தாழ்கிறது. தாரணி குழிக்கும் பந்துக்கும் நடுவில் போகாமல் ஓரமாகவே நடந்தாள், ஓரிடத்தில் குந்தி உட்கார்ந்து, தொப்பி விளிம்பை இறக்கிக்கொண்டு, தரையோடு தரையாகப் பார்த்தாள். "ஒரு மயிரிழை வலதுக்கு எறங்குதுங்க, கடைசி அடியிலதான், பந்து ஓய்ஞ்சு போறப்பத்தான் தெரியும்," என்றாள். அவர் எவ்வளவு முறைத்துப் பார்த்தும் அந்த மயிரிழை தெரியவில்லை. இதை இவள் எப்போது கற்றுக்கொண்டாள்? பதினோரு வயதில் பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து மணிக்கட்டு நன்றாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள், ஆறு வருஷம் விடியற்காலையில் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்காரவைத்து இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு வந்தவன் நான், வேலிக்கு இந்தப் பக்கம் வண்டியில் சாய்ந்துகொண்டு, ஓடாத விளையாட்டு என்ன விளையாட்டு, மூச்சு வாங்காத விளையாட்டு என்ன விளையாட்டு என்று கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றவனும் நான்தான். உள்ளே இவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு நாளாவது உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தால்.

எட்டாவதோ ஒன்பதாவதோ, மறுபடி பந்தை வைத்தார். எல்லா விளையாட்டிலும் பந்து ஆளைத் தேடி வரும், வருகிற பந்துக்குக் கை தானாகப் போகும், யோசிக்க நேரம் இருக்காது, அது எவ்வளவு பெரிய தயவு என்று இப்போது தெரிகிறது. இந்தப் பந்து வராது. வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். நீ ஆரம்பிக்கும்வரைக்கும் ஒன்றும் ஆரம்பிக்காது, உலகத்தில் உள்ள நேரமெல்லாம் உன்னுடையது, அந்த நேரத்துக்குள் என்னவெல்லாம் வந்து புகுந்துகொள்கிறது, முழங்கால் வலி வருகிறது, மாத்திரை போட்டோமா என்று வருகிறது, லோகநாதன் தொண்டையைச் செருமுவது வருகிறது, அப்புறம் அது வருகிறது, வேண்டாம் என்றால் நிற்குமா. "மூணடி. கைக்கொழந்த தள்ளி விட்டாக்கூட உழுகும்." அவருடைய குரல்தான், ஒன்பது வருஷத்துக்கு முந்தினது. மைதானத்துக் குரல், மைக் இல்லாமல் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல், அன்றைக்கு அந்த வட்டத்தைச் சுற்றி நின்றவர்கள் அறுபது பேர்கூட இருக்கமாட்டார்கள், ஆனால் நானூறு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார். மாநில அளவில் பெண்பிள்ளைகளுக்கான கடைசி ஆட்டம், கடைசிக் குழி, சாயங்காலம் ஐந்தே முக்கால். எதிர்த்து ஆடிய சென்னைப் பெண் முடித்துவிட்டாள். இவள் போட்டால் சமன், மறுபடி ஆடலாம், போடாவிட்டால் முடிந்தது. மூன்றடி. இவள் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். எவ்வளவு நேரம் என்று அவர் பல்லைக் கடித்தார். தள்ளினாள், பந்து வலது பக்கமாக வழிந்துபோய் நின்றது. அந்த நொடியில்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் யாரோ ஒருவர் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை, வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். தாரணி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றுமில்லை, சாப்பாடு எடுத்து வெச்சாச்சு என்று சொல்கிறபோது இருக்கிற பார்வைதான், அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. அதற்கப்புறம் அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை.

தள்ளினார். போகவில்லை. பத்து தடவைக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு கைக்குழந்தை எங்கிருந்தாவது வந்து தள்ளிக் காட்டினால் தேவலை என்று அவருக்கே தோன்றிற்று, தோன்றியதும் வெட்கத்தில் காது சூடேறிற்று. மூன்றடி எவ்வளவு பெரிய தூரம், கடவுளே, நூறு மீட்டர் எனக்குத் தெரியும், மாரத்தான் தெரியும், இதைப்போல் ஒரு தூரம் பூமியில் இருக்கிறது என்று ஒரு புத்தகத்திலும் சொல்லித்தரவில்லையே. "அட, என்ற பந்தும் இப்படித்தானுங், உள்ள பாத்துட்டுத் திரும்பிப் போயிருது," என்று ஆறுதல் சொன்னார் லோகநாதன், பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் புள்ளைக்கு இருக்கற பொறுமயப் பாத்தீங்களா மாஸ்டரே, நம்ம வீட்டுப் பசங்களா இருந்தா இந்நேரம் மூஞ்சியத் தூக்கியிருக்கும். நல்லா வளத்திருக்கறாங்க, அப்பனாத்தா ஆருன்னு தெரியல." வெள்ளியங்கிரி தலையை ஆட்டிவைத்தார். வேறென்ன செய்ய. லோகநாதன், பந்து குழியில் விழுகிறதா என்று கிட்டத்திலிருந்து பார்க்கிற ஆசையில், சுற்றிக்கொண்டு போய்க் குழிக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே நின்றார், கிழக்கே அவர் முதுகு, கையைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு. "போடுங், இப்ப உழுகும் பாருங்." வெள்ளியங்கிரி குனிந்தார். குழியைக் காணோம். நிஜமாகவே ஒரு நொடி குழி இருந்த இடம் தெரியவில்லை, அங்கே ஒரு கறுப்பு நீளமாகப் படுத்திருந்தது, பந்துக்கு ஒரு முழம் வரைக்கும் வந்து, லோகநாதன் மூச்சுவிடும்போது அது லேசாக அசைந்தது. கறுப்புக்குள் கறுப்பாகக் குழி எங்கேயோ இருக்கிறது. அதற்குமேல் இரண்டு கால்கள், கண்ணை எவ்வளவு தாழ்த்தினாலும் அந்தக் கால்கள் வந்துவிடுகின்றன. "லோகநாதன் சார்," என்றாள் தாரணி, சத்தம் போடாமல்தான், "அங்க நிக்காதீங்க. போடறவங்களுக்கு நேர் எதிர்ல நிக்கக்கூடாதுங்க, நெழல் குழிமேல உழுகுது பாருங்க. இந்தாட்டத்துல மொத மரியாதயே அதான்." லோகநாதன் பதறிப்போய் நகர்ந்தார். "அய்யய்யோ, தெரியாதுங். பெரிய ஆளுக ஆராச்சும் நின்னுட்டா என்ன பண்றதுங்?" "ஆரா இருந்தாலும் நகரச் சொல்லலாங்க. கலெக்டரே நின்னாலும் சொல்லலாம், தப்பில்ல." "சொல்லாம உட்டுட்டா?" தாரணி குனிந்து பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லாம உட்டது போடறவங்க தப்புங்க சார்."

வெள்ளியங்கிரிக்குக் கை மட்டையில் இருந்தது, பார்வை புல்லில் இருந்தது, மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்று சொல்ல முடியாது. சாயங்காலம் ஐந்தே முக்கால். வெயில் எங்கே இருந்தது? முதுகில். முதுகு சுட்டது ஞாபகம் இருக்கிறது, சட்டை ஒட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. மேற்கே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். எங்கே? இல்லை, ஓரமாகத்தான் நின்றேன், எல்லாரும் ஓரமாகத்தான் நின்றார்கள், சென்னைப் பெண்ணின் தகப்பன் ஒரு மரத்தடியில் நின்றான், நான் நகர்ந்து வந்தேன், ஆமாம், நகர்ந்து முன்னால் வந்தேன், ஒரு அதிகாரி கையைக் காட்டி ஏதோ சொன்னார், நான் பிள்ளையோட அப்பா என்றேன், அவர் விட்டுவிட்டார். நேரே குழிக்கு அந்தப் பக்கம். கையைக் கட்டிக்கொண்டு, காலை அகட்டிக்கொண்டு. அங்கேதானே நிற்பேன், வேறெங்கே நிற்பேன், அவள் நாலு வயதில் முதல்முதலாக ஓடின ஓட்டத்திலிருந்து நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவன், அங்கயும் இங்கயும் பாக்காத கண்ணு, என்னயப் பாத்து ஓடி வா என்று சொன்னவன், அவளும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள், ஒரு தகப்பன் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று முப்பத்துநான்கு வருஷமும் நினைத்திருந்தேன், அவளுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்றுதான் முன்னால் வந்து நின்றேன். ஐயோ, தைரியத்துக்கு. சாயங்கால நிழல் எவ்வளவு நீளம் இருக்கும், இந்தக் காலை நிழலே பந்துக்கு ஒரு முழம் வரை வருகிறது, அது பந்தையும் தாண்டி அவள் காலில் ஏறியிருக்கும். அவள் குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். அப்போது என்னைத்தான் பார்த்திருக்கிறாள். தள்ளுகிற நேரத்தில் நான் ஆவல் தாங்காமல் முன்னால் சாய்ந்தேன், சாய்ந்தேன் இல்லையா, சாய்ந்தேன், நிழலும் சாய்ந்திருக்கும். அப்புறம் அந்த வாயால் மூணடி என்று சொன்னேன். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒன்பது வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை இந்தப் பெண், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சாந்தாமணி என்னைப் பிழிந்து காயப்போட்டிருப்பாள், சொல்லாமல் விட்டது போடுகிறவர் தப்பு என்று தன் மேலேயே போட்டுக்கொண்டு, அந்த விளையாட்டின் மரியாதையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, இதோ பந்தைத் துடைக்கிறாள். பெற்றது நான்தானா என்று மலைப்பாக இருந்தது. பயமாகவும் இருந்தது, மலையடிவாரத்தில் நின்று உச்சியை அண்ணாந்து பார்க்கும்போது வருமே, அந்தப் பயம்.

லோகநாதனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே மரத்துப் பக்கம் ஒதுங்கினார். வட்டத்தில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள்.

"அன்னிக்கு நானும் அங்கதான் நின்னேன்," என்றார் வெள்ளியங்கிரி. குரல் அவருடையதாகவே இல்லை, நாலு பேருக்குக் கேட்டால் அதிகம்.

என்றைக்கு என்று தாரணி கேட்கவில்லை. துடைத்த பந்தைக் கைக்குள் வைத்து உருட்டினாள். "ஆமாங்க."

"நெழலு?"

"குழிமேலதான் இருந்துச்சு. கடைசில அசைஞ்சுது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, கண்ணு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஒன்றுதான் இருந்தது, குந்தி உட்கார்ந்து சரிவைப் பார்த்த அதே பார்வை. "சொல்லியிருந்தா நகந்திருப்பீங்களாப்பா?"

வந்துவிட்டது. வாக்கியத்தின் நுனியில், ஒன்பது வருஷமாகக் காது காத்துக் கிடந்த அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அவளுக்கே தெரிந்ததோ இல்லையோ, ஆனால் இப்படி ஒரு கேள்வியோடு வரும் என்று யார் கண்டார்கள். நகர்ந்திருப்பேன் என்று சொன்னால் போதும். ஒரு சொல். சொன்னால் அவள் நம்பமாட்டாள், ஆனால் தலையாட்டிவிடுவாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள், சாப்பாடு எடுத்து வைப்பாள். அவர் அந்த ஐம்பத்திரண்டு வயது ஆளைப் பார்த்தார், கழுத்தில் விசில், கட்டின கை. அறுபது பேர் முன்னால் பதினேழு வயதுப் பெண் அப்பா கொஞ்சம் நகருங்க என்று சொல்கிறாள். அந்த ஆள் என்ன செய்வான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வேடிக்க பாக்காத, ஆட்டத்தப் பாரு என்று அதட்டுவான். இன்னும் ஒரு அடி முன்னால் வந்து நிற்பான்.

"மாட்டேன்," என்றார். "நகந்திருக்க மாட்டேன் சாமி. உன்னத்தான் வஞ்சிருப்பேன்."

மலைப் பக்கமிருந்து காற்று வந்து வட்டத்தின் ஓரத்தில் நட்டிருந்த சின்னக் கொடியை அசைத்தது. "தெரியுங்க," என்றாள் தாரணி, பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குனிந்து, பந்தை மூன்றடியில் வைத்தாள். தன் நிழல் எங்கே விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

வெள்ளியங்கிரி மட்டையைப் பிடித்தார். பந்து ஒன்றாகத் தெரியவில்லை, இரண்டாகத் தெரிந்தது, கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும் என்று எடுத்துத் துடைத்தார்.

"இரும்மா," என்றார். "அப்பாவுக்குக் கை நிக்கல."

"மெதுவாப் போடுங்கப்பா," என்றாள் தாரணி. "பின்னாடி ஆடறதுக்கு ஆளு ஆரும் வரல."